வாகாப்ளோரின் பல்

முதலில் வந்தபோது அவர் வெறும் கர்னல்.
கீழ்த்தாடையில் சொத்தையான ஒரு கடைவாய்ப்பல்.
மயக்க ஊசி வேண்டாமென்றார்.
நாற்காலிக் கைப்பிடியின் தோலில்
அவர் நகம் பதித்த நான்கு பிறைகள்
இன்றும் இருக்கின்றன.
"வலித்ததா?" என்றேன்.
"எதிரிக்கு வலிக்கட்டும்" என்று
பீங்கான் கிண்ணத்தில் ரத்தம் துப்பினார்.
சிரித்தேன். கட்டணத்தை எண்ணி வாங்கினேன்.

சாக்கோவில் போர் மூண்டதும்
லா பாஸின் செங்குத்துத் தெருக்களில்
சுவருக்குச் சுவர் அவர் வாய்.
ஜெனரல் எலெயுதேரியோ வாகாப்ளோர்.
பிறகு அமைச்சர்.
பிறகு ஒரு புதன்கிழமை இரவு
மாளிகையின் எல்லா விளக்குகளும் எரிய
தேசத் தலைவர்.
வானொலியில் அவர் முழங்கும்போது
'ஸ' வரும் இடமெல்லாம் மெல்லிய சீழ்க்கை.
முன்பல்லில் நான் விட்ட இடைவெளி அது.
ஊர் கைதட்டியது. எனக்குச் சீழ்க்கைதான் கேட்டது.

அந்தக் குளிர்காலத்தில் தங்கப்பல் கேட்டார்.
பெண்கள் போர் நிதிக்குக் கழற்றித் தந்த மோதிரங்கள்
முத்திரையிட்ட உறையில் வந்தன.
ஒன்றின் உள்வட்டத்தில் 'ஹசிந்தா' என்று பொறித்திருந்தது.
உருக்கினேன்.
பெயர் கடைசியில்தான் உருகும் என்று நினைத்திருந்தேன்.
முதலில் அதுதான் போயிற்று.

அங்கே தண்ணீர் இல்லை என்று
திரும்பிவந்த பையன்கள் சொன்னார்கள்.
சொன்னார்கள் என்பதும் சரியில்லை.
வெடித்த நாக்கோடு என் நாற்காலியில் சாய்ந்து
குழாயையே பார்த்தார்கள்.
டொரோதேயோ காலிசாயா என்பவன்
வாய் கொப்பளிக்கத் தந்த மருந்து நீரைத்
துப்ப மாட்டாமல் விழுங்கினான்.
இன்னொரு குவளை கேட்டான்.
கொடுத்தேன்.

கோட்டைகள் விழுந்தன.
வானொலியில் அவை 'பின்னகர்வு' ஆயின.
பிறகு ஒரு விடியலில்
அவர் தோளில் பட்டயம் குத்திய கர்னல்களே
அவருடைய காரின் கதவைத் திறந்தார்கள்,
மரியாதையாக,
இறங்கச் சொல்லி.

பல் போனால் சொல் போச்சாம்.
இவருக்குச் சொல் முதலில் போயிற்று.
ஓருரோ படைமுகாம் சிறைக்கு என்னை அழைத்தபோது
பல் மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது.
தங்கம் அரசுடைமை என்றார் அதிகாரி,
பிடுங்கிவிட்டு ரசீது எழுத வேண்டுமாம்.
எடை எழுதினேன். தேதி எழுதினேன்.
'உரியவர்' என்ற கட்டத்தில்
பேனா கொஞ்சம் நின்றது.

"ஊசி இருக்கிறதா?" என்று கேட்டார்
எலெயுதேரியோ.
இருந்தது. போட்டேன்.

முடிந்ததும் குவளை நிறையத் தண்ணீர் நீட்டினேன்.
கொப்பளித்தார்.
துப்பினார்,
ஒரு சொட்டு விடாமல்.