மஞ்சள் கடுதாசி

நம் பக்கம் இதற்கு மஞ்சள் கடுதாசி என்று பெயர்.
டுலூத் நகரில் அது வெள்ளை.
ஐம்பத்து நான்கு பக்கம், மூலையில் ஒரு பின்.
மஞ்சளாய் இருப்பது
மார்லிஸ் ஹௌக்கலா ஓட்டும் பள்ளிப் பேருந்து மட்டும்தான்.

பிள்ளைகள் எல்லாரும் இறங்கிய பிறகு
டிப்போவில், ஸ்டியரிங் மேலேயே
தாளை விரிக்கிறாள்.
வீட்டில் விரிக்க முடியாது, ராய் இருக்கிறான்.
கடனில் பாதி அவன் சிறுநீரகத்துக்கு ஆனது.
பாதி என்று சொன்னால்
முழுதையும் தன் தலையில் தூக்கி வைத்துக்கொள்வான்.

படிவம் கேட்கிறது:
மேசை நாற்காலி, மதிப்பு?
துணிமணி? நகை?
வளர்ப்புப் பிராணிகள்?
நாய்க்கு நேரே சைபர் போட்டாள்.
மனசு கேட்கவில்லை. அடித்துவிட்டு
ஐந்து டாலர் என்று எழுதினாள்.
கல்யாண மோதிரம் எண்பது.
உறைந்த ஏரியில் மீனுக்குத் துளை போடும்
ராயின் கருவி நாற்பது.
இனி அவனால் அதைத் தூக்க முடியாது
என்று எழுதக் கட்டம் இல்லை.

வக்கீல் சின்னப் பையன்.
திவாலாவதற்கும் முன்பணம் கேட்டான்,
ஆயிரத்து நானூறு.
அவள் சிரித்துவிட்டாள்.
தானும் சிரிக்கலாமா என்று
அவன் கொஞ்சம் யோசித்தான்.

கட்டிவிடலாம், கட்டமுடியாது என்றில்லை.
வட்டி குட்டி போட்டு, குட்டியும் குட்டி போட்டாலும்
மாதம் இருநூற்றுப் பத்து என்றால்
எண்பத்து மூன்றாம் வயதில் தீர்ந்துவிடும்.
கணக்குப் போட்ட மின்கட்டண உறையை
இன்னும் அவள் தூக்கி எறியவில்லை.

அட்டைக் கம்பெனிகளை எழுதக் கூச்சமே இல்லை.
பன்னிரண்டு.
காலை எட்டு மணிக்கு,
பேருந்து நிறையக் குழந்தைகள் இருக்கும்போது
கோட்டுக்குள் அதிர்ந்தவர்கள்.
ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் சொன்னான்:
"மிஸஸ் ஹெச், உங்க பாக்கெட் அழுகுது."

பதின்மூன்றாவது வரியில் பேனா நின்றது.
வெர்னா.
ஒன்பதாம் நம்பர் பேருந்து ஓட்டுபவள்.
போன பிப்ரவரிக்கு முந்தைய பிப்ரவரியில்
வீட்டு அடுப்பு செத்த அன்று
அறுநூறு டாலரை உறையில் போட்டுக் கொடுத்தாள்.
பத்திரம் இல்லை, தேதி இல்லை,
"முடியும்போது" என்ற ஒரே ஒரு சொல்.

வக்கீல் பையன் கறாராகச் சொன்னான்:
எல்லாக் கடனும் எழுத வேண்டும், சிநேகிதி என்றாலும்.
முன்கூட்டி ரகசியமாகக் கொடுத்துத் தீர்ப்பதும் தப்பு.
கோர்ட்டிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் போகும்.

காசுக்கும் சொன்ன சொல்லுக்கும்
நாணயம் என்று ஒரே வார்த்தை வைத்திருக்கிறோம் நாம்.
மார்லிசுக்கு அது தெரிய வழியில்லை.
ஆனாலும் அன்றிரவு முழுக்க
அந்த ஒரு வார்த்தையைத்தான் அவள்
வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தாள்.

காலை ஐந்தே முக்கால். மைனஸ் பதினெட்டு.
டிப்போ முழுக்க இன்ஜின் புகை.
வெர்னா கண்ணாடியில் பனி சுரண்டிக்கொண்டிருந்தாள்.
கடிதம் சொல்வதற்குள் வாய் சொல்லிவிடட்டும் என்று
மார்லிஸ் சொன்னாள்.
சுரண்டல் நிற்கவில்லை.
கண்ணாடியின் அடுத்த பாதியும் தெளிந்தது.

"அறுநூறா? நான் ஐநூறுன்னு நினைச்சிருந்தேன்."
அவ்வளவுதான் முதலில்.
பிறகு கை நீட்டித் தாளை வாங்கினாள்.
"என் பேரைத் தப்பா எழுதியிருக்கே.
ஷோப்லம். எஸ்ஸுக்குப் பின்னாடி ஒரு ஜே வரும்.
ஒருத்தரும் போடறதில்லை."
பேனா உறைந்திருந்தது.
கையுறையைக் கழற்றி, வாயருகே வைத்து
நாலு தடவை ஊதி
அந்த எழுத்தைத் தானே செருகினாள்.

பிறகு தன் பேருந்தில் ஏறிக்
கதவைச் சாத்திக்கொண்டாள்.
கோபமா, குளிரா, தெரியவில்லை.

கையெழுத்துப் போடும் இடம் கடைசிப் பக்கம்.
முதல் நிறுத்தத்துக்கு இன்னும் ஏழு நிமிஷம்.
மார்லிஸ் பேனாவைக்
கக்கத்தில் இடுக்கிச் சூடாக்கிக்கொண்டிருக்கிறாள்.