வெயில் பார்த்தல்

பெருவிரலால் அழுத்தினேன்.
ஓடு கொஞ்சம் உள்ளே போனது,
மழையில் ஊறிய மட்டைப்பெட்டி போல.

"கண்ணாடிக்குள்ளால வாற வெயில்
வெயிலே இல்லைப் பிள்ளை"
என்றார் திருநெல்வேலி மிருக வைத்தியர்.
தேங்காயெண்ணெய் பூசியதற்கும் ஏச்சு விழுந்தது.

அன்றிலிருந்து
காலை ஏழரைக்கு நீலப் பேசினோடு மொட்டைமாடி.
ஏறிக் காய ஒரு சுண்ணாம்புக் கல்,
பாதிக்கு நிழலாய்ப் பலகைத் துண்டு.
பாசையூரில் கணவாய் வெட்டும் ரெஜினாக்கா
ஓட்டை எறியாமல் எடுத்து வைப்பா.
"ஆமைக்கோ?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பா,
ஒவ்வொரு முறையும் சிரிப்பா.

கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால்
முதுகில் வெள்ளை படியும்.
பழைய பல்துலக்கியால், வெறுந்தண்ணீரில், மெதுவாக.
கிளம்பிய செதிலை உரிக்கக்கூடாது,
தானாக விழவேணும்.
அதுதான் கஷ்டம். கை சும்மா இருக்காது.

ஆடியில் எனக்கு இரத்தம் சோதித்தார்கள்.
எலும்பு நோவுக்குக் காரணம்: வெயில் போதாது.
பதினொரு வருடம் வங்கியில்,
ஏசிக்குக் கீழே,
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்.
சிரித்துவிட்டேன்.
டொக்டருக்கு விளங்கவில்லை.

இப்போது பேசினுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை.
அது கழுத்தை நீட்டி, பின்கால்களை அகட்டி.
நான் சோட்டியை முழங்கால்வரை சுருட்டி.
எதிர்வீட்டுக் காண்டீபன் எட்டிப் பார்த்தால்
பார்க்கட்டும்.

நேற்று ஒரு செதில் விழுந்தது,
வெட்டிய நகம்போல, வெளிச்சம் ஊடுருவ.
அது கிடந்த இடத்தை
அழுத்திப் பார்த்தேன்.

விரல்தான் நொந்தது.