உப்பிட்டவன்

ஏழு டாலருக்கு, கடையின் தள்ளுபடி மேசையில் கிடந்தது.
"கலாத்தியா" என்றாள் தனுஜா,
பெயர் தெரிந்துவிட்டால் பாதி வளர்த்தது மாதிரி.
வின்னிபெக்கில், நவம்பரில்,
கோட்டுக்குள் பொத்தி
பேருந்தில் கொண்டுவந்தாள்.
மறுநாள் நான் எழுந்தபோது
ஃபிரிட்ஜ் கதவில் சட்டம் இயற்றப்பட்டிருந்தது:

வெயில் நேரே படக்கூடாது.
குழாய்த் தண்ணீர் ஆகாது.
விரலை மண்ணில் இரண்டாம் கணுவரை விட்டுப் பார்,
காய்ந்திருந்தால் மட்டும் ஊற்று.
ஹீட்டர் பக்கம் வைத்தால் பேசமாட்டேன்.

கடைசி வரி அவள் சொன்னதா
செடி சொன்னதா, கேட்கவில்லை.

நான் இரவில் பனி தள்ளுகிறவன்.
பத்து மணிக்கு வண்டியேறினால்
பெம்பினா சாலையை வழித்து வழித்து ஓரம் கட்டி
ஆறரைக்கு இறங்குவேன்.
அவளுக்குப் பகலில் பல் மருத்துவமனை,
மாலையில் கணக்கியல் வகுப்பு.
இருவருக்கும் பொதுவாக இருபது நிமிடம்,
ஆளுக்கொரு தேநீர்,
இந்தச் செடி.

டிசம்பரில் நான் கண்விழிக்கும் முன்பே
சூரியன் கடையைக் கட்டியிருக்கும்.
இலைகளை நிமிர்த்திக் கூப்பி
முதுகைக் காட்டி நிற்கும் அது.
முதுகெல்லாம் நாவல்பழம் தின்ற நாக்கின் நிறம்.
"பச்சையில் என்ன வரி, என்ன அழகு!" என்று
எழுதி ஒட்டியிருப்பாள்.
எந்தப் பச்சை?
நான் ஊதாச் செடி ஒன்றுக்கல்லவா
தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

ஜனவரியில் வீட்டுக் காற்று
இலை விளிம்பை அப்பளமாய்ப் பொரித்தது.
கூழாங்கல் தட்டில் நீர் நிரப்பினாள்.
அவள் குளிக்கும்போது செடியும்
குளியலறை ஆவியில் உட்கார்ந்திருந்தது.
பிறகு சிலந்திப்பேன்.
சோப்புநீரில் நனைத்த பழந்துணியால்
ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டு எழுதினாள்:
பதினேழு இலை. நாளை உன் முறை.

பனியை உருக்கி ஊற்றலாம் என்று யாரோ சொன்னார்களாம்.
எட்டு மணிநேரம் வேண்டாமென்று தள்ளியதை
வீட்டுக் கொல்லையில் வேண்டுமென்று
ஒரு வாளி அள்ளினேன்.
சிரிப்பாக இருந்தது. தினமும் அள்ளினேன்.

மார்ச்சில் கொல்லைப் பனி இறங்கி
நாய்த்தடமும் சேறுமாகிவிட்டது.
அன்றைக்கு எனக்குத் தூக்கம்.
தெரு ஓரத்தில் நிரப்பினேன்.
எல்லாப் பனியும் வெள்ளைதானே.
மூன்று இரவாய் அந்தத் தெருவில் உப்புத் தூவியது
யாருடைய வண்டி என்பது
பத்து நாள் கழித்து,
இலைகள் கருகிச் சுருண்டபோதுதான்
நினைவுக்கு வந்தது.

அவள் ஹீட்டரைத் திட்டினாள்.
அறுபது டாலருக்கு ஹியூமிடிஃபையர் வாங்கி
அதன் வாயைச் செடி பக்கம் திருப்பிவைத்தாள்.
நான் வாய் திறக்கவில்லை.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
அது என்னை நினைத்துக்கொண்டிருந்தது,
விளிம்பிலிருந்து உள்நோக்கி,
நாளுக்கொரு விரற்கடை.

ஐந்தாம் நாள் எழுதினேன்:
தெரு ஓரப் பனி. நான்தான்.

அடியில் அவள் கையெழுத்து:
தெரியும். தட்டில் வடிந்ததை நாக்கில் தொட்டுப் பார்த்தேன்.
எப்போது எழுதுவாய் என்றுதான் இருந்தேன்.
ஹியூமிடிஃபையர் உன் சம்பளத்தில்.

ஞாயிற்றுக்கிழமை குளியல் தொட்டியில் வைத்து
கடையில் வாங்கிய வடிநீரை
ஆறு லிட்டர் மண்வழியே ஓடவிட்டோம்.
கருகியதை வெட்டினோம்.
மிஞ்சியது மூன்று.

மாலை ஐந்து. வெளியே இன்னும் வெளிச்சம்.
மூன்றும் மல்லாந்து விரிந்திருந்தன.
ஒவ்வோர் இலைக்குள்ளும் யாரோ
சின்னச் சின்ன இலைகளை
கரும்பச்சையில் வரைந்து வைத்திருந்தார்கள்.
"இதுவா?" என்றேன்.
"இதுதான்" என்றாள்.
பொழுது சாயும்வரை அவளை உட்காரவைத்து
ஊதாவை நான் காட்டினேன்.

ஏப்ரலில் நடுவே ஒரு சுருள்,
பீடி நீளம்.
முதலில் எந்தப் பக்கம் காட்டும் என்று
இருவரும் பக்கத்தில் நின்று பார்த்தோம்,
அவளுடைய ஏழு இருபது பேருந்து வரும்வரை.
அவிழவில்லை.
தேநீர் ஆறிப்போயிருந்தது,
குடித்தேன்.