முதலில் ஒரு முட்டை

தலை வேண்டுமா, முட்டை போடு என்கிறது
பட்டரவாக்கம் ஸ்டேஷன் படிக்கட்டில்
முப்பது ரூபாய்க்கு வாங்கிய புத்தகம்.
எட்டாம் வகுப்புக் கணக்கில் நான் வாங்கியது போதாதா?

போட்டேன்.
உருளைக்கிழங்கு வந்தது.
இன்னொன்று போட்டேன்.
அதே கிழங்கு, மூட்டைக்கு அடியில் கிடந்ததுபோல.

முட்டைக்கு நடுவே நெடுக்கில் ஒரு கோடு, குறுக்கில் ஒன்று.
குறுக்குக் கோட்டில் கண்கள் உட்காருமாம்.
என் கண்கள் உட்காரவில்லை.
கடைசி ஆளுக்கு இடம் விடும் ஷேர் ஆட்டோக்காரி போல
ஒன்று காதோரம் ஒதுங்கிக்கொண்டது.
இன்னொன்று என்னை முறைத்தது.

ஒரு மணியிலிருந்து ஒன்றரை வரை சாப்பாட்டு நேரம்.
புளிசாதத்துக்குப் பத்து நிமிடம்,
மிச்சம் பென்சிலுக்கு.
தாளுக்குச் செலவில்லை:
ஸ்டோர்ஸில் கிழித்துப்போட்ட டெலிவரி சீட்டுகளின் முதுகு.
எஸ்தர் ராணி எட்டிப் பார்த்தாள்.
"நாய் நல்லா வந்திருக்குக்கா."
அது நாயில்லை, அவள்.
சொல்லவில்லை. வால் ஒன்று சேர்த்தேன்.

தணிகாசலம் சாருக்குக் கழுத்து கிடையாது.
வரையப் பழகுகிறவளுக்கு
ஒரு சூப்பர்வைசர் வேறென்ன உபகாரம் செய்ய முடியும்?
கேஸ் சிலிண்டர் ஒன்று, மேலே முட்டை,
முட்டையின் கீழ்ப்பாதி முழுக்க மீசை.
பதினோரு நாளில் முதன்முதலாக
ஆள் மாதிரி ஒரு ஆள்.
சிரிப்பை அடக்க யூனிஃபார்ம் காலரைக் கடித்துக்கொண்டேன்.

அந்தச் சீட்டு கிழித்துப்போட்டதில்லை என்பது
சாயங்காலம்தான் தெரிந்தது.
முன்பக்கம் மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.
நாற்பது பெட்டி பிராக்கெட்டோடு
தன் கையெழுத்தைத் தன் முதுகிலேயே சுமந்துகொண்டு
சார் ஸ்ரீபெரும்புதூர் போய்விட்டார்.
இப்போது பூந்தமல்லி தாண்டியிருப்பார்
என்று நினைத்து நினைத்து
வியாசர்பாடி வரை நின்றுகொண்டே சிரித்தேன்.
ஜன்னலோரப் பெண் கைப்பையை
மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

அதுவரை நான் கை வரைந்ததில்லை.
என் ஆட்கள் எல்லோரும் பாக்கெட்டில் கை விட்டிருப்பார்கள்,
இல்லை, முதுகுக்குப் பின்னால் கட்டியிருப்பார்கள்.
எஸ்தரின் முன்னங்கால்களை அவள் வாங்கிவந்த
காய்கறிப் பை மறைத்தது.
கையைக் காட்டாமல் இருப்பதை
எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லித்தர வேண்டியதில்லை.
பஸ்ஸில் டிபன் பைக்கு அடியில்,
கல்யாண வீட்டில் முந்தானைக்குள்,
போட்டோவில் யாருடைய தோளுக்காவது பின்னால்.

ஐந்தாம் பாடம், கை.
பொம்மைக்கு நான்கு விரல் போதும் என்கிறது.
கட்டைவிரல் ஒன்று, மற்றவை மூன்று.
ஐந்தாவதைப் போட்டால் நெரிசலாகத் தெரியும்.

மறுபடி படித்தேன்.
வேகமாகப் படிக்கிற ஆளில்லை நான்,
தப்பாகப் படித்திருக்கலாம்.

நெரிசலாகத் தெரியும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பவர் பிரஸ்
இதையெல்லாம் சொல்லிக்கொண்டு எடுக்கவில்லை.
ஆடி மாசம், இரண்டாவது ஷிப்ட்,
கரண்ட் போய் வந்த அடுத்த நொடி.
ஈ.எஸ்.ஐ.யில் சுண்டுவிரலுக்கு
இத்தனை சதவீதம் என்று எழுதிக்கொடுத்தார்கள்.
கம்பெனி ஸ்டோர்ஸில் ஒரு நாற்காலி கொடுத்தது.

டிபன் பாக்ஸை நகர்த்தினேன்.
இடது கையை மேஜைமேல் விரித்து வைத்து
யாருடையதோ போலப் பார்த்தேன்.
விரல்கள் ஏலக்கிப் பழம்போலக் கொழுத்திருக்க வேண்டுமாம்.
இவை ஒல்லி.
பரவாயில்லை, எண்ணிக்கை சரி.

முதலில் உள்ளங்கைக்கு ஒரு முட்டை.
பிறகு ஒன்று, இரண்டு, மூன்று.
எங்கே நிறுத்த வேண்டும் என்று
புத்தகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கட்டைவிரலைத்தான் தப்பான பக்கம் போட்டுவிட்டேன்.
அழித்தேன். தாள் கிழிந்தது.
இன்னொரு சீட்டு எடுத்து
முன்பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பினேன்.

ஒன்றரை மணிச் சங்கு.
நாளைக்குத் தணிகாசலம் சாரின் கைகளை
பாக்கெட்டிலிருந்து வெளியே எடுக்க வேண்டும்.