மூழ்கிக் காட்டுதல்

வினிப்பெக்கில் பெப்ரவரி.
பஸ் தரிப்பிடத்தில் என் ஈரத் தலைமயிர்
வளைத்தால் முறியும்.
பைக்குள் நனைந்த துவாய், விசில்,
கறுத்துப்போன ஒரு வாழைப்பழம்.

பயிற்சியில் எல்லோரும் முறைவைத்து மூழ்க வேண்டும்.
ஒருவர் மூழ்க மற்றவர் காப்பாற்ற,
பிறகு மாறி.
ஜெரிக்கோ பெரிய நடிகன்.
இரண்டு கையையும் கூரைக்கு எறிந்து
தகாலொக்கில் தாயைக் கூப்பிட்டுக் கத்தி
கடைசியில் கால் ஊன்றி நின்று
குனிந்து ஒரு வணக்கமும் வைப்பான்.

என் முறை.
வாய் நீர்மட்டத்தில். மேலே, கீழே, மேலே.
கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கின
இல்லாத ஏணியொன்றில் ஏறுவதுபோல.
ஆறு பேர் கரையில் நின்று
பீட்சாவுக்குக் காசு சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.
ஒக்சானா மட்டும் மணிக்கூட்டைப் பார்த்தபடி.
"நாற்பது விநாடி," என்றாள் அவர்களிடம்.
"இந்தப் பிள்ளை செத்துப்போனாள்."

மூச்சுக்கே வாய் போதாதவர்
கூப்பிடுவது எங்கே?
சத்தத்தைத் தேடாதீர்கள், என்றாள்.
நின்றுபோன சத்தத்தைத் தேடுங்கள்.

முதல் சோதனையில் தோற்றேன்.
தலை நிமிர்த்தி ஐம்பது மீற்றர் அறுபது விநாடிக்குள்:
எனக்கு அறுபத்து மூன்று.
அடியில் கிடந்த இருபது இறாத்தல் கட்டி
பாதி வழியில் கைநழுவி
ஆடி ஆடித் திரும்பவும் அடிக்கே போனது.
"அப்பாவிட்ட மூச்சு விடாதை," என்றாள் அம்மா,
கட்டணத்தை இரண்டாம் முறை கட்டிவிட்டு.
மூச்சு விடாமல் இருக்கத்தானே அம்மா
மூன்று மாதமாய்ப் பழகுகிறேன்.

"இருபது இறாத்தல் என்ன பெரிய பாரமே?
அரிசி வாங்கினால் ஆர் தூக்கிறது?"

இரண்டாம் முறை
அரிசிப் பையென்றே அதை நெஞ்சோடு அணைத்தேன்.
காதுக்குள் ஊசி. கால் மட்டும் வேலை.
மேலே விளக்குகள் நெளிந்து நெளிந்து
ஒரேயடியாய் நேராகின.

ஜூன். முதல் சனிக்கிழமை. உயரக் கதிரை.
இடமிருந்து வலம், அடி, மேல். பத்து விநாடி. மறுபடி.
முப்பது தலை.
முப்பது தலை.
முப்பத்திரண்டு.
சொல்லாமல் வந்திருக்கிறாள், தம்பியையும் இழுத்துக்கொண்டு.
முழுக்கைச் சட்டை, என் பழைய நீச்சல் தொப்பி.
முழங்காலுக்கு மேல் தண்ணீர் அறியாதவள்.
படிக்கொரு கூச்சல், நடுவில் ஒரு சிரிப்பு,
தம்பிக்கு ஓர் ஏச்சு.
நல்லது. கத்துகிறவர் மூச்செடுக்கிறார்.

ஓடின இரண்டு பெடியன்களுக்கு ஊதினேன்.
இடம், வலம், அடி.
அம்மாவின் சத்தம் இல்லை.
வாய் திறந்தபடி. கண் அசையவில்லை.
கைகள் தண்ணீரின் மேல் விரிந்து.

எப்போது குதித்தேனோ.
அந்த நீண்ட விசில் என்னுடையதுதான் என்கிறார்கள்.
கக்கத்தடியால் கை போட்டு, பின்னுக்கு இழுத்து,
பின்னுக்கு, பின்னுக்கு,
"விடடி! விடு! எனக்கு நிலம் முட்டுது!"

நெஞ்சளவு தண்ணீர்.
தடாகம் முழுக்கக் கரையேறி நின்று எங்களைப் பார்த்தது.
"பின்னை ஏன் சத்தமில்லாமல் நிண்டனீங்கள்?"
"உன்னைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்,
அவ்வளவு உயரத்தில."

தண்ணீரில் இறங்கினால் படிவம் நிரப்ப வேண்டும்.
பெயர்: தவமலர்.
உறவு என்று ஒரு கட்டமும் இல்லை.
காரணம் என்ற இடத்தில் கை சொட்டி
மை கொஞ்சம் பரவிவிட்டது:
சத்தம் நின்றது.

ஒக்சானா வாசித்தாள்.
ஒன்றும் சொல்லாமல் கதிரையைக் காட்டினாள்.

இடமிருந்து வலம். அடி. மேல்.
முப்பத்தொன்று.
வாங்கில் துவாய் போர்த்தபடி இன்னொன்று,
பக்கத்து வெள்ளைக்காரியிடம்
கதைத்துக்கொண்டே இருக்கிறது, பலமாக,
மூச்சு விடாமல்.

நல்லது.