கணு நாற்பத்தேழு

பாலக்கோட்டுப் பிரிவு அலுவலகத்தில்
மூன்று நாள் உட்கார்ந்து தட்டினேன்.
குழாய் நூற்றிப் பத்து. நீளம் எண்ணூற்று இருபது.
மேல்நிலைத் தொட்டி, கணுக்கள், வால்வுகள்.
ஓடு என்றேன், ஓடியது.
பிழை ஏதுமில்லை என்றது.
ஊரெங்கும் அழுத்தம் அமோகம்.

நான்காம் நாள், டீ வருவதற்குள்,
திரையின் அடியோரத்தில் கண்ணில் பட்டது
மூன்றே எழுத்து: நிமிடத்துக்கு இத்தனை கேலன்.
(ஒரு கொம்பு விழுந்தால் காலன்.)
மில்லிமீட்டர் என்று நினைத்து நான் தட்டியதையெல்லாம்
அது அங்குலம் என்று படித்திருக்கிறது.

நூற்றிப் பத்து அங்குலக் குழாய்!
மாரண்டஹள்ளிப் பக்கம் ராகிக்கு இறங்கும் யானை
குட்டியோடு உள்ளே நுழைந்து
காரிக்குட்டை கொட்டாய் வரை
கால் நனைத்துக்கொண்டே வரலாம்.
மென்பொருள் கண் கொட்டவில்லை.

அலகை மாற்றினேன்.
எண் ஒன்றுகூட அசையவில்லை.
பக்கத்தில் இருந்த பெயர் மட்டும் மாறியது,
கடைக்கோடி வறண்டது.

கணு நாற்பத்தேழு. அழுத்தம் மைனஸ் ஆறு மீட்டர்.
அப்படியென்றால் குழாயைத் திறந்தால்
விரலைத்தான் உறிஞ்சும்.
ஆனால் பக்கத்துக் கட்டத்தில்
நொடிக்கு ஒன்றரை லிட்டர் வழங்கியாயிற்று என்றிருந்தது,
சொட்டுக் குறையாமல்.
கேட்டதை முதலில் கொடுத்துவிட்டு
கையில் இருக்கிறதா என்று அப்புறம் பார்க்கிற குணம்.
தருமபுரி மாவட்டத்துக்குப் பொருத்தம்தான்.
எச்சரிக்கை ஒன்று வந்தது.
சரி என்பதை அழுத்தினேன்.
அன்றைக்கு அந்த ஊருக்கு இருந்த அழுத்தம் அவ்வளவுதான்.

பிறகு தூக்கம் வரவில்லை.

வால்வு திறக்கும் மாதையனின் வண்டியில் போனேன்.
இழப்புக் கெழு என்ன என்றா கேட்பது?
எவ்வளவு திறப்பீங்க என்றேன்.
"மூணே முக்கா சுத்து. அதுக்கு மேல போனா
கீழ்த்தெருவுல சண்டைக்கு வர்றான்."
மூணே முக்கால் சுற்றுக்கு என்னிடம் கட்டம் இல்லை.
சண்டைக்கும் இல்லை. யாரோ வீட்டுக்குள்
கமுக்கமாக இழுக்கும் அரைக்குதிரை மோட்டாருக்கும்.

குழாய்கள் எந்நேரமும் நிறைந்திருப்பதாக
வைத்துக்கொள்கிறது கணக்கு.
இங்கே ஒருநாள் விட்டு ஒருநாள்.
திறந்ததும் இருபது நிமிடம் காற்றுதான்,
வாலை மிதித்த பூனை மாதிரி.
"இதுக்கும் சேத்துத்தான் வரி கட்டுறோம் மேடம்,"
என்றாள் மல்லிகேஸ்வரி,
நூறுநாள் வேலைக்கு வருகைப் பதிவு எழுதுகிறவள்.

தண்ணீர் வந்தது, நூலாக.
அவளுடைய பச்சைக் குடம் பதினைந்து லிட்டர்.
போனில் நொடி எண்ணினேன்: இருநூற்று ஐம்பது.
நொடிக்குப் புள்ளி பூஜ்யம் ஆறு லிட்டர் என்றேன்.
"எத்தன கொடம்னு சொல்லுங்க."
நான் வகுக்கத் தொடங்குமுன் அவளே சொன்னாள்:
"ரெண்டு மணி நேரத்துக்கு இருபத்தெட்டு.
வீடு நாப்பத்தி மூணு.
வீட்டுக்கு ஒண்ணுன்னாலும்
பதினஞ்சு வீடு போர் தண்ணிதான்."
சிரித்தாள். பல்லில் பழுப்புக் கோடுகள்.
நீரின் தரம் என்று மென்பொருளில் தனிப் பகுதி இருக்கிறது.
நான் அதைத் திறந்ததில்லை.

அறிக்கையின் கடைசியில்
'மாதிரியின் வரம்புகள்' என்று ஒரு தலைப்பு,
நான்கு வரிக்கு இடம்.
குழாய் நிறைந்தே இருக்கும் என்பது அனுமானம்.
அழுத்தம் இல்லாவிட்டாலும் நீர் உண்டு என்பது அனுமானம்.
குழாயின் உட்சுவர் இன்னும் புதிது என்பதும்.
நான்காவது வரியில் எழுதினேன்:
கணு நாற்பத்தேழில், நேரில், இருபத்தெட்டு குடம்.

கோப்பு திரும்பி வந்தது.
குடத்தைச் சுற்றிச் சிவப்பில் வட்டம்.
அருகே: அலகைச் சரிபார்க்கவும்.

சரிபார்த்தேன்.
பதினைந்து லிட்டர், கழுத்து வரை.
சரியாகத்தான் இருக்கிறது.