எட்டாயிரம் ஹெர்ட்ஸ்

தைஸ்தோ கிதாரை விற்றுவிட்ட செய்தியை
மீன்கடை வரிசையில் வைத்துச் சொன்னாள் சிர்க்கா.
வாங்கியவர் பல் மருத்துவராம்.
சுவரில் மாட்டப்போகிறாராம்.
நான் கால்கிலோ மத்தி கேட்டேன்,
கடைக்காரி ஒரு கிலோ கட்டினாள்.
எங்களில் யார் தப்பாகக் கேட்டது என்று
நான் விசாரிக்கவில்லை.

பதினெட்டு வருஷம்
அவன் முதுகைப் பார்த்தே டிரம்ஸ் அடித்தவன் நான்.
இடத்தோள் சரிந்தால் அடுத்தது கோரஸ்,
கழுத்து நிமிர்ந்தால் நிறுத்து.
ஒவுலு, கெமி, துர்க்குவின் படகுத்துறை,
உறைபனியில் வேன் செத்துப்போன காட்டுப்பாதை,
ஆம்ப்ளிஃபயர் தீய்ந்து புகைந்த இரவு.
புகையும் எங்கள் ஏற்பாடுதான் என்று நம்பி
கூட்டம் கைதட்டியது.
காதில் பஞ்சு வைக்கிறவன் கோழை என்றான் அன்றைக்கு.
நானும் சிரித்தேன்,
பஞ்சை எடுத்து ஜன்னல்வழி எறிந்தேன்.

பிறகு ஒரு குளிர்காலம் முழுக்க
தம்பெரேயில், மூடிக்கிடந்த நூலாலையின் மூன்றாம் மாடியில்
அவன் உட்கார்ந்து கேட்டது
ஒரு ஃபிரிட்ஜை.
"ஜி. ஒரு மயிரிழை மேலே.
விளக்கு, லிஃப்ட், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர்,
ஊரே இந்தச் சுதியில்தான் நிற்கிறது.
நாம்தான் இத்தனை நாளும்
ஊரோடு ஒட்டாமல் வாசித்திருக்கிறோம்."
மனுஷனுக்குச் சுதி கலைந்துவிட்டது என்று நினைத்தேன்.
ஃபிரிட்ஜில் பீர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.

மூடப்பட்ட ஒரு பள்ளியின் மருத்துவ அறையிலிருந்து
செவிப் பரிசோதனைக் கருவி ஒன்றைத் தூக்கிவந்தான்.
சாம்பல் நிறம். மூடியில்
எந்தப் பிள்ளையோ ஒட்டிய கரடிப் படம், பாதி உரிந்து.
உள்ளே திறந்து கம்பிகளை மாற்றினான்.
ரிஃப் இல்லை, வரி இல்லை, எண்ணிக்கை இல்லை,
அந்த இசையில் நான் உட்கார
ஒரு முக்காலிகூட இல்லை.

நூலக அரங்கு. பதினான்கு பேர்,
கோட்டு வாங்கி மாட்டுகிற பெண்ணையும் சேர்த்து.
சிர்க்கா வரவில்லை.
பின்னாலிருந்து ஒருத்தன் எங்கள் பழைய பாட்டின் பெயரைக் கத்தினான்.
தைஸ்தோ காதில் போட்டுக்கொள்ளவில்லை,
அல்லது விழவில்லை.
குமிழைத் திருகினான்.

அடியில் ஓர் உறுமல், நாற்காலிக்கால் வழியே
முழங்காலுக்கு ஏறியது.
அதன்மேல் கண்ணாடியைக் கீறும் நகம்.
அதன்மேல் ஊசி.
அதன்மேல்

ஒன்றுமில்லை.

ஆறு நிமிடம் ஒன்றுமில்லை.
விரல் மட்டும் அசைகிறது,
பொங்கிவரும் பாலுக்குத் தீயைத் தணிப்பவன்போல
அத்தனை கவனமாக.
எங்கள் வயதுக்காரர்கள் நிகழ்ச்சித்தாளைப் புரட்டினார்கள்.
வெளியே போய் ஒரு சிகரெட் பிடிக்கலாம் என்று எழப்போனபோது
முன்வரிசைச் சிறுமி
கழுத்தை மெல்லச் சாய்த்தாள்.
கூரையில் எதையோ தொடர்ந்தாள்,
ஜன்னலுக்கு, தூணுக்கு, மறுபடி ஜன்னலுக்கு.
உள்ளே சிக்கிய ஒரு பறவை
அவள் கண்ணுக்கு மட்டும் தெரிவதுபோல.
அது எங்கோ போயிற்று, முகம் வாடியது.
திரும்ப வந்தது.
பல் தெரியாமல் சிரித்தாள்.
நான் சிகரெட்டைப் பெட்டிக்குள் வைத்தேன்.

கேபிள் சுருட்டும்போது சொன்னேன்:
"நடுவில் ஆறு நிமிடம் எனக்கு எதுவும் கேட்கவில்லை."
இடக்காதைத் திருப்பி "என்ன?" என்றான்.
சத்தமாகச் சொன்னேன்.
"எனக்கும்தான். எட்டாயிரம் ஹெர்ட்ஸ்.
அது என்னைவிட்டுப் போய் பத்து வருஷமாச்சு."
பிளக்கைப் பிடுங்கினான்.
"அந்தக் குட்டியின் முகத்தைப் பார்த்துத்தான் வாசித்தேன்."

செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள்.
ஊதியவனும் செவிடன் என்று
சொல்லிவைத்தவர் எவருமில்லை.

வீட்டில் விளக்கைப் போடவில்லை.
ஃபிரிட்ஜின் கதவில் கன்னத்தை வைத்து
நெடுநேரம் நின்றேன்.
ஜி. ஒரு மயிரிழை மேலே.
இது இன்னும் எனக்கு மிச்சமிருக்கிறது.
கையில் ஒரு கரண்டி இருந்தது.
தட்டவில்லை.